அடுப்பில்லாத அறை

அத்தையின் அடக்க ஆராதனையில் போதகர் வாசித்த வாழ்க்கைக் குறிப்பு மொத்தம் பதினோரு வரி. எழுதியவர் என் கணவர் எபினேசர். தெற்கே நாசரேத் பக்கத்தில் பிறந்தது, ஞானஸ்நானம் பெற்றது, திருமணம் ஆனது, கர்த்தர் தந்த பிள்ளை ஒன்று, பேத்தி ஒன்று. கடைசி இரண்டு வரி இப்படி: "அன்னார் விருந்தோம்பலில் சிறந்து விளங்கினார். வீடு தேடி வந்த எவரையும் சாப்பிடாமல் அனுப்பியதில்லை." ஆண்கள் எல்லோரும் தலையை ஆட்டினார்கள். ஏன் ஆட்டமாட்டார்கள், சாப்பிட்டவர்கள் அவர்கள்தானே.

இப்போது வருஷ நினைவு ஆராதனை வருகிறது. சின்னப் புத்தகம் ஒன்று போடப்போகிறார்களாம். இந்த முறை நீ எழுது என்று எபி என் தலையில் கட்டிவிட்டார். நான் எழுதினால் பதினோரு வரியில் நிற்காது. நின்றாலும் அதைப் புத்தகத்தில் போடமாட்டார்கள். பரவாயில்லை. முதலில் எனக்காக எழுதிக்கொள்கிறேன். அவர்கள் கேட்கிற மாதிரி இன்னொன்றைப் பிறகு எழுதிக் கொடுத்தால் போயிற்று.

அவர் பெயர் தேவகிருபை. என் மாமியார். இருபத்திரண்டு வயதில் தவசிமுத்துவைக் கட்டிக்கொண்டு திருவொற்றியூருக்கு வந்தார். காலடிப்பேட்டையில் மாமாவின் மளிகைக் கடை. மொத்த வியாபாரமும் உண்டு, சில்லறையும் உண்டு. கடைக்கு மேல் மாடியில் வீடு. சமையலறை ஜன்னல் ஹைரோட்டைப் பார்த்து இருக்கும். துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் ஓடும்போது அலமாரியில் சம்படங்கள் குலுங்கும். ஜன்னல் விளிம்பைக் காலையில் துடைத்தால் சாயங்காலத்துக்குள் கரி படிந்துவிடும். அந்த ஜன்னலுக்குக் கீழேதான் அத்தையின் அடுப்பு.

தெற்கத்திக்காரர் கடைகளில் ஒரு வழக்கம் உண்டு. கடையில் வேலை செய்கிறவர்களுக்கு முதலாளி வீட்டுச் சாப்பாடுதான். எங்கள் கடையில் ஐந்து பேர், எல்லோரும் மாமாவின் ஊர்ப் பக்கத்து ஆட்கள், கல்யாணமாகிக் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்தவர்கள். குடோனில் தங்குவார்கள். வீட்டில் நாங்கள் ஐந்து பேர். ஆக, பத்துப் பேருக்கு மூன்று வேளை. ஞாயிற்றுக்கிழமை கடைக்கு லீவு, வயிற்றுக்கு லீவு கிடையாதே. அன்றைக்குக் கறிக்குழம்பு, கூடுதலாக ஒரு பொரியல். காலையில் கோயிலுக்குப் போய்விட்டு (சர்ச்சை அத்தை கோயில் என்றுதான் சொல்வார்) பட்டுப்புடவையைக் கூட மாற்றாமல் அடுப்படிக்குள் நுழைவார்.

நான் ராயபுரத்துக்காரி. எங்கள் அம்மாவுக்குத் தலைவலி என்றால் அண்ணன் அலெக்ஸாண்டர் போய் எல்லோருக்கும் இட்லியோ, பர்மா நூடுல்ஸ் அத்தோவோ வாங்கிக்கொண்டு வந்துவிடுவான். யாரும் செத்துப்போகவில்லை. கல்யாணமான முதல் வாரம், அத்தைக்குக் காய்ச்சல் என்று தெரிந்ததும், "வெளிய வாங்கிக்கலாமே மாமா" என்று சொல்லிவிட்டேன். மாமா என்னைத் திட்டவில்லை. கெட்ட வார்த்தை கேட்ட மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அத்தை காய்ச்சலோடு எழுந்து ரசம் வைத்தார்.

மாமாவைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. பதிமூன்று வயதில் வண்ணாரப்பேட்டையில் ஒரு சொந்தக்காரர் கடைக்கு வேலைக்கு வந்தவர். மூட்டை மேல் படுத்து, கண்ட இடத்தில் தின்று, டைபாய்டு வந்து இரண்டு மாதம் கிடந்தவர். அன்றிலிருந்து, "வெளிச்சாப்பாடு எனக்கு ஆகாது" என்பது அவருக்கு வேதவாக்கு. குடிக்கமாட்டார், கை ஓங்கமாட்டார், வீட்டுக்குப் போகிற அரிசியைக் கடையிலேயே நல்ல மூட்டையாகப் பார்த்துத் தானே பிரிப்பார். நல்ல மனுஷர். அதுதான் பேஜாரே. கெட்டவராக இருந்திருந்தால் அத்தை என்றைக்காவது சண்டை போட்டிருப்பார்.

நானும் யோக்கியம் இல்லை. பீச் ஸ்டேஷன் பக்கம், கப்பல் சரக்கு கிளியரிங் ஆபீசில் எனக்கு வேலை. காலை எட்டு மணிக்கு அத்தை கட்டித் தருகிற டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். ஆபீசில் அதைத் திறந்தால் நாலு பேர் கை நீட்டுவார்கள். எனக்கு அதில் ஒரு பெருமை வேறு. ஆறு வருஷம் அப்படித்தான் ஓடியது.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஆகஸ்டில் அவர்களுடைய முப்பத்தைந்தாவது கல்யாண நாள். எபிக்கு என்ன தோன்றியதோ, அம்மாவுக்கு ரெண்டு நாள் ரெஸ்ட் கொடுக்கலாம், சனி ஞாயிறு மைசூருக்குப் போய்விட்டு வரலாம் என்றார். அரண்மனைக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டலில் இரண்டு ரூம் பார்த்து வைத்தார். நான் போய் அத்தையிடம் சொன்னேன். அவர் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். மைசூர் எத்தனை மைல், அங்கே என்ன இருக்கிறது என்று எதுவும் கேட்கவில்லை.

"ஏளா, அந்த ரூமுல அடுப்பு இருக்காதுல்லா?" என்றார்.

"அடுப்பா? ஓட்டல் ரூம்ல ஏது அத்தை அடுப்பு? தண்ணி காய வைக்க கெட்டில் ஒண்ணு கீது. அவ்ளோதான்."

"அப்ப காலைல எந்திச்சா?"

"கீழ எறங்கிப் போய் உக்கார வேண்டியதுதான். இட்லி, பொங்கல், பூரி, எல்லாம் ரெடியா வச்சிருப்பாங்கோ. இன்னா வேணுமோ எடுத்துக்கலாம்."

"நாம சும்மா போயி உக்காந்தா போதுமா?"

"போதும் அத்தை."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அப்புறம் துருவலைக் கையால் அளைந்துகொண்டே சொன்னார்: "இந்த வீட்டுக்கு வந்த மறுநாளுலேருந்து அடுப்பு மூஞ்சிலதாம்ட்டி முழிக்கேன். ஒருநாள், ஒரே ஒருநாள், அத பத்த வைக்காம இருந்து பாக்கணும். எப்பிடித்தான் இருக்குன்னு." சொன்னதும் அவருக்கே வெட்கமாகிவிட்டது. "ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க" என்று தன்னையே கிண்டல் செய்துகொண்டு எழுந்து போனார்.

அதற்குப் பிறகு தினமும் ஒரு கேள்வி. பொங்கல்ல முந்திரி போடுவானா? காபி எத்தன வாட்டி வேணும்னாலும் வாங்கலாமா? சாப்பிட்ட தட்ட நாம கழுவாண்டாமா? நான் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லுவேன், அவர் ஒவ்வொன்றுக்கும் சிரிப்பார். கடை ஆட்களுக்கு இரண்டு நாளும் பொங்கிப்போட அடுத்த தெரு ராமசெல்வி அக்காவிடம் சொல்லி வைத்தார். அவர்களும் மாமாவின் ஊர்ப் பக்கத்து மளிகைக்காரக் குடும்பம்தான். பதிலுக்கு அந்த அக்கா ஊருக்குப் போகும்போது இவர் பொங்கிப் போடவேண்டும் என்று பேச்சு.

கிளம்புவதற்கு ஒரு வாரம் இருக்கும்போது, சாப்பிடும் நேரத்தில், எபி மாமாவுக்கு ஓட்டல் படத்தைப் போனில் காட்டினார். மாமா பார்த்துவிட்டு, "சாப்பாடு?" என்றார். "அங்கயேதாம்ப்பா" என்றார் எபி. மாமா மோரை ஊற்றிப் பிசைந்தார். மறுநாள் மத்தியானம் கடையிலிருந்து சந்தோஷமாக மேலே ஏறி வந்தார். மைசூரில் தனக்குத் தெரிந்த சர்க்கரை வியாபாரி ஒருவரிடம் பேசிவிட்டாராம். அவருடைய பிளாட் ஒன்று சும்மா கிடக்கிறதாம்.

"ரெண்டு பெட்ரூம், கிச்சன், கேஸு, மிக்ஸி, எல்லாம் இருக்கு. அந்த ஓட்டல கேன்சல் பண்ணிரு. கடை வச்சிருக்கவன் பொண்டாட்டி பிள்ளையளக் கூட்டிட்டுப் போயி ஓட்டல்ல திங்க வைக்கதா? நாலு பேரு சிரிக்கமாட்டான்?"

அத்தை அப்போது அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சரி" என்றார். அந்த ஒரு வார்த்தைதான்.

வெள்ளிக்கிழமை மாமாவே உட்கார்ந்து மூட்டை கட்டினார். பழைய பொன்னி அரிசி ஐந்து கிலோ, பருப்பு, கடலை எண்ணெய், மல்லிப்பொடி, புளி, பெருங்காயம், கருவாடுகூட ஒரு பொட்டலம். ஊர் சுற்றப் போகிற குடும்பமா, ஊரில் கடை போடப் போகிற குடும்பமா என்று தெரியவில்லை. முடித்துவிட்டு அத்தையைக் கூப்பிட்டு, "உனக்கு அங்க ஒரு கஷ்டமும் வரக்கூடாதுன்னு அரிவாமனை மொதக்கொண்டு எடுத்து வச்சிட்டேன் பாத்துக்கோ" என்றார். அவ்வளவு பிரியமாகச் சொன்னார். எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

எபியைத் தனியாக இழுத்துக்கொண்டு போனேன். "இன்னா மனுஷன்யா நீ? ரெஸ்ட் குடுக்கறேன்னுட்டு அடுப்பையும் சேத்து இட்டுனு போறியே. உங்கப்பா கைல வாயத் தொறந்து சொல்லேன்."

"அப்பாட்ட எப்பிடிச் சொல்ல? ஒத்துக்காதுன்னா ஒத்துக்காதுதான?"

அப்படியானால் நானே சொல்கிறேன் என்று கிளம்பினேன். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். "வேண்டாம்ட்டி. அவிய மனசு நொந்துரும். எவ்வளவு ஆசையா எடுத்து வச்சிருக்காவ பாரு." நான் நின்றுவிட்டேன். நின்றிருக்கக் கூடாது. ஊரில் எவ்வளவு பேரிடம் வாய் காட்டுகிறவள், அன்றைக்கு ஏன் நின்றேன் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

சனிக்கிழமை காலை மைசூர். பிளாட் சுத்தமாக இருந்தது. அத்தை செருப்பைக் கழற்றிவிட்டு நேராகச் சமையலறை வாசலில் போய் நின்றார். அடுப்பு புதுசு, கண்ணாடி மாதிரி மின்னியது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு, "லைட்டர் எங்கட்டி வச்ச? எல்லாரும் குளிச்சிட்டு வாங்க, பத்தே நிமிசம்" என்றார்.

அன்றைக்கு மிருகக்காட்சிசாலைக்குப் போனோம். புளிசாதமும் துவையலும் கட்டிக்கொண்டுதான். என் மகள் பெனிட்டா ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்துக் குதித்தாள். அத்தையும் அண்ணாந்து பார்த்தார், ஆனால் கையில் சோற்றுப் பை இருந்தது, அதைக் கீழே வைக்கவில்லை. குரங்கு பிடுங்கிவிடுமாம். ஞாயிறு காலை ஒரு கோயிலைத் தேடிப் போனோம். ஆராதனை கன்னடத்தில். பாட்டின் ராகம் மட்டும் நம்முடையது. அத்தை தமிழில் சத்தமாகப் பாடினார். வந்ததும் கறி வாங்கச் சொன்னார் மாமா. ஞாயிற்றுக்கிழமை அல்லவா.

அன்று சாயங்காலம் ஏழு மணிக்கு அரண்மனையில் விளக்குப் போடுவார்கள். ஞாயிறுதோறும் முக்கால் மணி நேரம், ஆயிரக்கணக்கான பல்புகள். பிளாட்டிலிருந்து பத்து நிமிஷ நடை. எல்லோரும் போவதாகத்தான் பேச்சு. ஆறு மணிக்கு மாமா சொன்னார்: "பத்து மணிக்கு பஸ்ஸு. வழியில எங்கயாவது நிப்பாட்டுவான், அங்க தின்னு எதையாவது இழுத்துக்காண்டாம். சப்பாத்தி போட்டு உருளக்கிழங்கு வச்சா கையோட கொண்டுபோயிரலாம்."

அத்தை அப்போதுதான் தலை வாரிப் பூ வைத்திருந்தார். மைசூர் மல்லி. வாசலில் வாங்கியது. சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு மாவு டப்பாவைத் திறந்தார்.

"நீங்க போங்க அத்தை. நான் போட்டு வைக்கிறேன்" என்றேன்.

"பிள்ள உன்ன விட்டுட்டுப் போவாளா? நீ போ. நான் அரைமணியில முடிச்சிட்டு வந்துருதேன். பத்து எட்டுதான."

இந்த இடத்தை நான் எத்தனையோ முறை யோசித்துவிட்டேன். அரைமணியில் பத்துப் பதினைந்து சப்பாத்தியும் கிழங்கும் முடியாது. எனக்குத் தெரியும். அவர் வரமாட்டார் என்றும் தெரியும். மாமாவை விடு, எபியை விடு, அவர்கள் அடுப்படிக்குள் காலெடுத்து வைத்ததில்லை. எனக்குத் தெரியும். அவர் கையிலிருந்து டப்பாவைப் பிடுங்கியிருக்கலாம். ஆனால் நான் நல்ல சேலை கட்டியிருந்தேன். எனக்கும் விளக்கைப் பார்க்கவேண்டும் போலிருந்தது. போய்விட்டேன்.

ஏழு அடித்ததும் ஒரே நொடியில் மொத்த அரண்மனையும் எரிந்தது. கூட்டம் ஓவென்று கத்தியது. பெனிட்டா என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நாங்கள் பத்திருபது போட்டோ எடுத்தோம். மாமாகூட, "கிருபை வந்திருக்கலாம்" என்று இரண்டு முறை சொன்னார். வந்திருக்கலாமாம்!

திரும்பி வந்தபோது கடைசிச் சப்பாத்தி கல்லில் இருந்தது. அத்தையின் மூக்கிலும் நெற்றியிலும் மாவு. பூ வாடியிருந்தது. "எப்பிடி இருந்துச்சு?" என்று கேட்டார். போனில் வீடியோவைப் போட்டு நீட்டினேன். கை எல்லாம் மாவு என்று அவர் போனைத் தொடவில்லை. நான் பிடித்துக்கொண்டு நிற்க, சப்பாத்தியைத் திருப்பிப் போட்டபடியே பார்த்தார். "ஏ அம்மா, எவ்வளவு லைட்டு! கரண்டு பில்லு எவ்வளவு வரும்?" என்று சிரித்தார். அடுத்த தபா நாம ரெண்டு பேர் மட்டும் வரலாம் அத்தை, அந்த ஓட்டல்லயே தங்கலாம் என்றேன். "சரிட்டி" என்றார். பஸ்ஸில் எல்லோரும் சப்பாத்தி சாப்பிட்டோம். நன்றாக இருந்தது. அவர் கைக்கு எதுதான் நன்றாக இல்லை?

எட்டு மாதம் கழிந்தது. ஏப்ரல், ஒரு வியாழக்கிழமை. காலையில் நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கிறது என்றார். வாயுவாக இருக்கும் என்று அவரே ஓமத்தண்ணி குடித்தார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். "சாம்பாரு கொதிச்சிட்டு, எறக்கிட்டு வாரேன்" என்றார். இறக்கினார், தாளித்தார், கடை ஆட்களின் தூக்குவாளியில் ஊற்றினார், என் டிபன் பாக்ஸையும் மூடினார். அப்புறம் அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஆட்டோவில் என் மடியில் தலை. தேரடி தாண்டும்போது, "அடுப்ப அமத்தினியாட்டி?" என்றார். அமத்திட்டேன் அத்தை என்றேன். அணைத்தேனா என்று எனக்கே ஞாபகமில்லை. ஆஸ்பத்திரியில் இறக்கும்போது உயிர் இல்லை. ஐம்பத்தெட்டு வயது.

சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியக் கூடாது. அதன் பிறகு அடக்கம் முடிகிறவரை எங்கள் வீட்டில் எரியவில்லை. அத்தை கேட்ட ஒரு நாள் அதுதான். நடுக்கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் படுத்துக்கொண்டு அதை அவர் எங்கே பார்ப்பது? வந்த பெண்கள் எல்லோரும் அவர் வைத்த குழம்பைச் சொல்லிச் சொல்லி அழுதார்கள். நான் அடுப்படிப் பக்கமே போகவில்லை.

மறுநாள் காசிமேட்டுக் கல்லறையில் அடக்கம். திரும்பி வந்து எல்லோரும் குளித்தார்கள். சம்பந்தி வீட்டுச் சாப்பாடு வரவேண்டும் என்பது முறை. எங்கள் அம்மாவுக்கு முட்டி வலி, நூறு பேருக்குப் பொங்க ஏது தெம்பு? அலெக்ஸாண்டர் தேரடிப் பக்கத்து ஓட்டலில் சொல்லி அண்டாவில் சாம்பார் சாதமும் தயிர் சாதமும் கொண்டுவந்து இறக்கினான். நான் பரிமாறினேன். மாமா சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். இரண்டு நாளாகப் பச்சைத் தண்ணீர்தான். அவர் இதைத் தொடமாட்டார், பாலும் ரொட்டியும் கொடுக்கலாம் என்று நினைத்துக்கொண்டே சும்மா ஒரு பேச்சுக்கு இலையைப் போட்டேன்.

சாப்பிட்டார். தலை நிமிராமல் முழுவதையும் சாப்பிட்டார். "இன்னும் ரெண்டு கரண்டி போடும்மா" என்றார். போட்டேன்.

"சாம்பாரு நல்லா இருக்கு. யாரு வச்சா?"

"ஓட்டல்ல வாங்கினது மாமா."

கை இலையில் நின்றது. என்னைப் பார்த்தார். அப்புறம் குனிந்து மிச்சத்தையும் சாப்பிட்டார்.

அன்றைக்கு நான் ஒரு ஜெபம் செய்தேன். யாரிடமும் சொன்னதில்லை. ஆண்டவரே, இந்த மனுஷனுக்கு வயிறு வலிக்கட்டும். வாந்தி எடுக்கட்டும், சுருண்டு படுக்கட்டும். ஒருநாள் வலித்தால் போதும், முப்பத்தைந்து வருஷத்துக்கு ஒரு காரணம் இருந்தது என்று நான் மனசை ஆற்றிக்கொள்கிறேன். மனைவியைப் புதைத்துவிட்டு வந்த மனுஷனுக்கு எதிராக இப்படி ஜெபித்தது பாவம்தான். ஆனாலும் மனதார ஜெபித்தேன்.

மறுநாள் காலை மாமா வழக்கம்போல ஐந்தரைக்கு எழுந்தார். முகம் கழுவினார். முகத்தில் அழுத வீக்கம் இருந்ததே தவிர வேறு ஒன்றுமில்லை. அடுப்படி வாசல் வரை வந்து, உள்ளே பார்க்காமல், என்னிடம் கேட்டார்:

"நீ என்னத்துக்கும்மா கஷ்டப்படுத? டீ கடையிலேருந்து வாங்கிட்டு வரச் சொல்லட்டா?"